ஜிப்சி ஏன் நடுவழியில் நிற்கிறது?

உங்களிடம் பழைய மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் ஓடுகிறது. ஆனால் சிக்னலில், மலை ஏற்றத்தில், மழையில், சில நாள் எந்தக் காரணமும் இல்லாமல் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள், அடுத்து காயில், அதற்கும் அடுத்து கார்புரேட்டர். பணம் கரைகிறது, வண்டி இன்னும் நிற்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எந்த நேரத்தில் நிற்கிறது, எந்த விதமாக நிற்கிறது என்ற இரண்டையும் கவனித்து வைத்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். பாகங்களை மாற்றுவது அதற்குப் பிறகு.

என்னுடையது எந்த வகை ஜிப்சி? 1985 கடைசியில் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி எஞ்சினும் கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) இருந்தன. 1996-இல் ஜிப்சி கிங் வந்தபோது எஞ்சின் 1,298 சிசி ஆனது, கார்புரேட்டர் அப்படியே இருந்தது. 2000-ஐ ஒட்டித்தான் எம்பிஎஃப்ஐ (கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்தது. 2019-இல் விற்பனை முடியும்வரை அதுவே நீடித்தது. உங்கள் டாஷ்போர்டில் சோக் இழுக்கும் குமிழ் இருந்தால் அது கார்புரேட்டர் வண்டி. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்குத்தான். எம்பிஎஃப்ஐ வண்டிக்குத் தனியாக வருகிறேன்.

எஞ்சின் ஓட என்னென்ன வேண்டும்? பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றால் இந்த மூன்றில் ஒன்று தடைப்பட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க எஞ்சின் நின்ற விதமே முதல் துப்பு.

சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் சத்தமில்லாமல் நின்றால் தீப்பொறிப் பக்கம் சந்தேகப்படுங்கள். ஏதோ ஒரு ஒயரில் கரண்ட் அறுந்திருக்கிறது. இழுவை குறைந்து, திக்கித் திக்கி, ரேஸ் கொடுத்தாலும் ஏறாமல், கடைசியில் உயிரை விட்டால் அது பெட்ரோல் போதாத அடையாளம். நிற்குமுன் கரும்புகை தள்ளி, பெட்ரோல் நாற்றம் அடித்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள்.

சரி, நடுவழியில் நின்றுவிட்டது. அங்கேயே சோதிக்க முடியுமா? முடியும். ஸ்பேனர்கூட அதிகம் தேவைப்படாத சோதனை ஒன்று இருக்கிறது. நின்ற உடனேயே, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல், இக்னிஷனை அணையுங்கள். பானட்டைத் திறந்து, கார்புரேட்டர் வாயை மூடியிருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். சோக் தகடு மூடியிருந்தால் திறந்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கும் நெம்புகோலைக் கையால் வேகமாக ஒருமுறை இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும்.

பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. டேங்க்கையும் பம்பையும் விட்டுவிட்டு தீப்பொறிப் பக்கம் போங்கள். பீய்ச்சவில்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் நின்ற உடனே செய்தால்தான் பலன். பத்து நிமிடம் ஸ்டார்ட்டரை அடித்து, பேட்டரியை இறக்கிவிட்டுப் பார்த்தால் துப்பு கலைந்துவிடும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்தது. அடுத்து எங்கே பார்ப்பது? பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் டேங்க் மூடி. டேங்க்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியிலோ காற்றுக் குழாயிலோ வழி அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு அங்கேதான். கடையில் வாங்கிய டூப்ளிகேட் மூடிகளில் இது நடக்கும்.

மூடி சரியாக இருந்தால் டேங்க்கின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ராணுவ ஏலத்திலும் அரசுத் துறை ஏலத்திலும் எடுத்த வண்டிகள் பல காலம் ஓடாமல் நின்றவை. டேங்க் உள்ளே துரு ஏறியிருக்கும். நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது துரு அடியில் படிந்து கிடக்கும், வண்டி நன்றாக ஓடும். கரடுமுரடான பாதையில் குலுங்கினால் கலங்கி எழுந்து வடிகட்டியை மூடிக்கொள்ளும். நின்று கால் மணி நேரம் ஆனதும் துரு மறுபடி படியும், வண்டியும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். 'தானாகவே சரியாகிவிட்டது' என்று பலர் நினைப்பது இதைத்தான். அடுத்த முறை குலுங்கும்போது மறுபடி நிற்கும்.

இதை உறுதிப்படுத்துவது எளிது. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பக்கமாகக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். கழுவுவது வெல்டிங் பட்டறை வேலை என்று நினைத்து அங்கே கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. அதைக் கையாளத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் ஜிப்சியில் இது எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் எளிய பம்ப். உள்ளே டயாஃப்ரம் (மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வு) இருக்கிறது. வயதானால் அது கிழியும். கிழிந்த சவ்வு வழியாகப் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்க வாய்ப்பு உண்டு. ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, நீங்கள் ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், பிறகு எஞ்சினையே இறக்க வேண்டி வரும். பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இப்படி ஆகிறதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஆம். 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஜிப்சி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அந்த எண்ணமே இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதிப் பருக்க வைக்கும் அல்லது வெடிக்க வைக்கும். ஹோஸ், பம்ப் சவ்வு, கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இதில் அடக்கம். டேங்க் சுவரில் ஒட்டியிருந்த பழைய அழுக்கையும் அது பெயர்த்து விடும். போதாக்குறைக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் ஈரம் அதிகம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் இழுப்பது அந்த அடித்தண்ணீரைத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவைக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. எம்பிஎஃப்ஐ வண்டி அதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் முன்பு நன்றாக நின்ற ஸ்லோ ஸ்பீடு (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) இப்போது தடுமாறலாம். கலவைத் திருகைச் சற்றே திருத்தினால் போதும். கார்புரேட்டரையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கிளிப்புகளோடு சேர்த்து. வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்காதபடி வடித்துவிடுங்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். கீழே தனி அடுக்கு பிரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஹோஸ் வெடித்துச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். அதனால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது வேறொரு வகை. ஓடும்போது பிரச்சினை இல்லை, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் நின்றுவிடுகிறது. ஏன்? மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது ஸ்லோ ஜெட் (ஊசி முனை அளவுள்ள சின்னத் துளை) வழியாக. தூசி ஒன்று போதும், அது அடைத்துக்கொள்ளும். சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் நிற்காமல் ஓடுகிறதென்றால் ஸ்லோ ஜெட் அடைப்போ, எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக நுழைவதோ காரணம்.

ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய விடாதீர்கள். பித்தளைத் துளை கம்பியால் பெரிதானால் பிறகு அளவு திரும்ப வராது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்த யூகால் ஆலை நம் மறைமலைநகரில்தான் இருக்கிறது. வடநாட்டிலிருந்து பாகம் வரவழைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். புதுக் கார்புரேட்டர் என்று விற்கும் பெயரில்லாத நகலைவிட, சுத்தம் செய்து வாஷர் மாற்றிய பழைய அசல் கார்புரேட்டர் நன்றாக உழைக்கும்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒற்றை ஒயரோடு சின்ன உருளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சோலினாய்டு (சாவியை அணைத்ததும் பெட்ரோலை அடைக்கும் மின்வால்வு). சாவியை ஆன் செய்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல், அந்த ஒயரைப் பிடுங்கி மறுபடி தொடுங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தும் 'டிக்' இல்லையென்றால் வால்வு செத்துவிட்டது. பெரிய ரிப்பேர் என்று சொல்லப்பட்ட எத்தனையோ வண்டிகளில் கழன்று தொங்கிய இந்த ஒயர்தான் காரணமாக இருந்திருக்கிறது.

காற்று நுழைவதை எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் அடியிலும் வேக்குவம் குழாய்களிலும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறிக்கான கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் கருவி) பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் படும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கே. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சருக்கு அருகே அந்த விளையாட்டு வேண்டாம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரை (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் டப்பா) கவனியுங்கள். உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் மிதித்ததும் காற்று எஞ்சினுக்குள் பாயும். காலருகே 'உஸ்' சத்தம் கேட்கும், பெடல் இறுகும். இதில் எஞ்சின் நிற்பது சின்னக் கவலை. அந்த பூஸ்டரை நம்பி மலை இறங்குவது பெரிய கவலை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஏற்றத்தில் மட்டும் நிற்கிறதே, அது ஏன்? கார்புரேட்டர் ஜிப்சிக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கார்புரேட்டருக்குள் ஒரு கிண்ணம், அதில் மிதவை. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மட்டம் ஏறியதும் குழாயை அடைப்பதுபோல, இந்த மிதவையும் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. வண்டி செங்குத்தாகச் சாய்ந்தால் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஜெட் வறண்டு போகலாம், அல்லது பெட்ரோல் வழிந்து எஞ்சினை நனைத்துவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பக்கச் சாய்வும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இதை முழுவதும் ஒழிக்க முடியாது, ஆனால் நன்றாகக் குறைக்கலாம். பல ஜிப்சி கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். சமதளத்தில் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே இருந்தால் சாய்வில் வழியும், கீழே இருந்தால் வறளும். மிதவை ஊசி (பெட்ரோல் வரத்தை அடைக்கும் கூர்முனை) தேய்ந்திருந்தாலும் மட்டம் ஏறும். இரண்டும் சின்ன வேலைகள். மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று காதருகே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வருவதால் கலவை கெட்டியாகி, ஸ்லோ ஸ்பீடு தள்ளாடும். சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி மேலே போய் இப்படிச் செய்தால் அது கோளாறே இல்லை. ஸ்லோ ஸ்பீடு திருகைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இறங்கியதும் குறைத்துவிடுங்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 800 முதல் 900 சுற்று இருந்தால் சரி.

மலையில் குளிரில் நிற்பதற்கு நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் காரணம். 'வண்டி சூடாகாமல் இருக்கும்' என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் தேவையான சூட்டை அடையும்வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது தவறான வைத்தியம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சோக்கைத் தள்ளியதும் நிற்கும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இது என்ன? இரண்டு சந்தேகம். ஒன்று, சித்திரை வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்வது. போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்த பிறகும், சூடாக நிறுத்திப் பத்து நிமிடத்தில் எடுக்கும்போதும் இது வரும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் ஓடும். குழாய் சைலன்சரை ஒட்டி ஓடுகிறதா, மிஞ்சிய பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் இக்னிஷன் காயில் (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கும் சுருள்). உள்ளே கம்பி நைந்திருந்தால் சூட்டில் விட்டுப்போகும், ஆறியதும் சேரும். பாயிண்ட் (காயிலின் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் முனைகள்) வைத்த பழைய வண்டிகளில் கன்டென்சரும், எலக்ட்ரானிக் வண்டிகளில் பாயிண்ட்டின் வேலையைச் செய்யும் இக்னைட்டரும் இதே மாதிரி ஏமாற்றும். இந்த இரண்டு சந்தேகத்தையும் பிரிக்கத்தான் முதலில் சொன்ன பீய்ச்சும் சோதனை. சூட்டில் நின்ற அந்த நிமிடமே பெட்ரோல் பீய்ச்சுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காயில் பக்கம் போங்கள். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

பாயிண்ட் வண்டியென்றால் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். இவற்றை அளந்து வைக்கச் சொல்லுங்கள். கண் மதிப்பு போதாது.

குழியில் இறங்கும்போது நின்றால்? ஜிப்சியின் நான்கு சக்கரத்துக்கும் பட்டை வில்தான். குலுக்கல் அப்படியே ஒயர்களுக்குப் போகிறது. எஞ்சினை ஓடவிட்டு, காயில் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர், ஃபியூஸ் டப்பா, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, பேட்டரி முனை ஒவ்வொன்றையும் கையால் அசையுங்கள். பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர்களைத் தொட வேண்டாம், ஷாக் அடிக்கும். எதை அசைக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அதுதான் குற்றவாளி. சாவியையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கனமான சாவிக்கொத்து தொங்கித் தொங்கி இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். முந்தைய உரிமையாளர் திருட்டைத் தடுக்க ரகசிய சுவிட்ச் போட்டிருந்தால் அதன் இணைப்பும் தளர்ந்திருக்கும்.

தண்ணீரில் இறங்கியபோது நின்றால் என்ன செய்வது? இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் எஞ்சினே இதைப் பொறுத்திருக்கிறது. ஓடையில் ஓடும்போது எஞ்சின் நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போயிருந்தால் அது பிஸ்டனுக்கு மேலே நிற்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வண்டியைக் கரைக்கு இழுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிளக் துளைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் பயமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்ததால் நின்றிருக்கும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். மழையில் மட்டும் நிற்கும் வண்டிக்கும் இந்த மூடியும் பிளக் ஒயர்களும்தான் முதல் சந்தேகம். மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தால் மாற்றுங்கள், ஒட்டிப் பயனில்லை.

என்னுடையது எம்பிஎஃப்ஐ, எனக்கு என்ன? டேங்க் துரு, ஹோஸ், ஒயர், எர்த், தண்ணீர் பற்றிச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். சாய்வுப் பிரச்சினை இருக்காது, டேங்க்கில் பெட்ரோல் மிகக் குறைவாக இருந்தால் தவிர. காலை எடுத்ததும் நின்றால் திராட்டில் பாடியில் (காற்று நுழையும் வாய்) கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். திடீரென்று நின்றால் சாவியை ஆன் செய்து காதைத் தீட்டுங்கள். பின்னால் டேங்க்கில் மின்பம்ப் ஓரிரு நொடி ரீங்கரிக்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போங்கள். பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ நலிந்தாலும் இந்த வண்டி நிற்கும். கார்புரேட்டர் வண்டி அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

ஓடும்போது நின்றால் உயிருக்கு ஆபத்தா? இறக்கத்தில் ஆபத்துதான். எஞ்சின் நின்றபின் பூஸ்டரில் மிஞ்சிய காற்றிழுப்பு ஓரிரு மிதிப்புக்குத்தான் வரும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். நியூட்ரலில் உருட்டி இறங்காதீர்கள். சாவியை முழுதாக எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செங்குத்து ஏற்றத்தில் நின்றால் கிளட்ச்சை மிதித்து வண்டியைப் பின்னால் உருள விடாதீர்கள், பக்கவாட்டில் திருப்பவும் செய்யாதீர்கள். ஜிப்சி ஒடுங்கிய வண்டி, குறுக்கே திரும்பினால் கவிழும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்ச்சை முழுதாக விடுங்கள். நான்கு சக்கர லோ கியரில் இருந்தால் இன்னும் நல்லது. பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச்சையும் ஆக்ஸிலேட்டரையும் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி நேராக, ஊர்ந்து, பின்னால் இறங்கும். இதை முதலில் சின்ன மேட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? 'வண்டி நிக்குதுண்ணே' என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் முடியும். சூடாக இருந்ததா, சமதளமா சாய்வா, சட்டென்று நின்றதா திக்கி நின்றதா, பெட்ரோல் பீய்ச்சியதா, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் மூன்று பாகத்தை மாற்ற விடாதீர்கள், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். காரணம் தெரிந்து, அதன் பிறகு சில நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்த பின்னரே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புங்கள்.